கேமரா கேள்வி பதில்: ஃபோகஸ் வளையத்தில் கை வைக்கலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலும் ஒரே சங்கதி, மேனுவல் ஃபோகஸ், அதாவது லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பிப் படத்தை ஷார்ப்பாக்குவது. பரணிலிருந்து அப்பாவின் லென்ஸை இறக்கியவர்கள், யூடியூபில் பார்த்துவிட்டுப் பழைய ரஷ்ய லென்ஸ் வாங்கியவர்கள், தீபாவளி வாணம் எடுக்கப் போய் மங்கலோடு திரும்பியவர்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஃபிளாஷ், பிரிண்ட் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு முழு இடத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன். மாயவரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் பெரும்பாலும் கையால்தான் ஃபோகஸ் செய்தேன். அதற்காகப் பழைய முறைதான் உசத்தி என்று வாதாடுகிற ஆள் நானில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் பயன்படுத்திய 50 மி.மீ. எஃப்/1.8 ஏஐ-எஸ் லென்ஸை என் டி5600-இல் மாட்டினேன். வியூஃபைண்டரில் ஷார்ப்பாகத்தான் தெரிகிறது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக இருக்கிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா, என் கண் கெட்டுவிட்டதா?
(கல்லூரி மாணவி, திருச்சி)

இரண்டும் இல்லை. வியூஃபைண்டருக்குள் இருக்கும் திரைதான் வேறு.

அப்பாவிடம் எஃப்எம்2 இன்னும் இருந்தால் அதைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு வட்டம் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். முகத்தின் ஓரமோ தூணின் விளிம்போ அந்த வட்டத்தில் உடைந்து விலகித் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு துண்டும் நகர்ந்து வந்து சேரும். சேர்ந்ததும் ஷட்டரை அழுத்த வேண்டியதுதான். அந்த வட்டத்தைச் சுற்றி இன்னொரு பொடிப்பொடியான வளையம் இருக்கும். ஃபோகஸ் விலகியிருந்தால் அது மினுமினுக்கும். கையால் ஃபோகஸ் செய்யப் போகிறவருக்கென்றே செய்த திரை அது.

டி5600-இல் அதெல்லாம் கிடையாது. ஃபோகஸைக் கேமரா பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஃபிரேமைப் பார்த்தால் போதும் என்று நினைத்துச் செய்த கேமரா அது. கேமராவோடு சேர்ந்து வரும் எஃப்/3.5-5.6 கிட் லென்ஸ் மாட்டினாலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திரையை வழவழப்பாக்கிவிட்டார்கள். அதற்கு விலை ஒன்று உண்டு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகத் திறக்கும். சுமார் எஃப்/2.8-க்கு மேல் திறந்த லென்ஸின் உண்மையான மங்கலை அந்தத் திரை காட்டாது. நீங்கள் 1.8-இல் எடுக்கிறீர்கள், திரையோ 2.8-இல் எடுப்பது போன்ற படத்தைக் காட்டுகிறது. காதும் கண்ணும் சேர்ந்தே ஷார்ப்பாகத் தெரியாமல் என்ன செய்யும்?

சரி, வழி என்ன? வியூஃபைண்டரின் கீழே இடது மூலையைப் பாருங்கள். தேர்ந்தெடுத்த ஃபோகஸ் புள்ளிக்கு அடியில் இருப்பது ஷார்ப்பானால் அங்கே ஒரு பச்சைப் புள்ளி எரியும். கையால் ஃபோகஸ் செய்யும்போதும், இந்தப் பழைய லென்ஸிலும், அது வேலை செய்யும். ஆனால் புள்ளி எரிந்தவுடன் நின்றுவிடாதீர்கள். வளையத்தை இன்னும் கொஞ்சம் திருப்பி எங்கே அணைகிறது என்றும் பாருங்கள். எரிந்த இடத்துக்கும் அணைந்த இடத்துக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அசையாத பொருள் என்றால் டிரைபாடில் வைத்து, லைவ் வியூ போட்டு (பின்பக்கத் திரையில் காட்சி தெரியும்), பூதக்கண்ணாடிப் பட்டனை அழுத்திப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். இதைவிடத் துல்லியமான வழி இந்தக் கேமராவில் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை 1.8-இல் திறந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒருவரை எடுத்தால், முன்பின் சேர்த்து சுமார் 2.7 சென்டிமீட்டர்தான் ஷார்ப்பாக வரும். ஃபோகஸ் செய்து முடித்து நீங்கள் மூச்சு விடுவதற்குள் அவ்வளவு தூரம் உடம்பு அசைந்துவிடும். பழகும்வரை எஃப்/4 வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். 14 சென்டிமீட்டர் கிடைக்கும். காது, கண், மூக்கு எல்லாம் அதற்குள் அடங்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த லென்ஸோடு டி5600-இல் எம் மோடு (எல்லாவற்றையும் நாமே வைப்பது) மட்டும்தான் வேலை செய்யும். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் காட்டாது. வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16, ஷட்டர் 1/100 என்ற பழைய கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போதெல்லாம் ஃபிலிம் டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் அதுதான் அச்சாகியிருக்கும். எஃப்/5.6-க்குத் திறந்தால் ஷட்டர் 1/800. ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச வரைபடம்) பார்த்தால் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். அப்பா அதுகூட இல்லாமல்தான் எடுத்தார்.

சோனி ஏ6000-க்கு ஹீலியோஸ் 44-2 லென்ஸும் அடாப்டரும் வாங்கினேன். முதலில் ஷட்டரே விழவில்லை. அதை எப்படியோ சரிசெய்தேன். ஃபோகஸ் பீக்கிங் போட்டால் சிவப்புக் கோடு முகம் முழுக்க ஓடுகிறது, ஆனால் படம் சொதப்பல். நண்பனின் நிக்கான் டி7200-இல் இன்னொரு அடாப்டர் போட்டு மாட்டினால் தூரத்தில் எதுவுமே ஷார்ப்பாக வரவில்லை. ஏன்?
(மென்பொருள் ஊழியர், ஓசூர்)

ஷட்டர் விழாததற்குக் காரணம், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்ததுதான். லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை விடு என்று மெனுவில் ஒரு வரி உண்டு. அதைத்தான் மாற்றியிருப்பீர்கள்.

பீக்கிங் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அந்தச் சிவப்புக் கோடு ஃபோகஸை அளந்து சொல்வதில்லை. ஒரு விளிம்பில் கறுப்பும் வெளுப்பும் பட்டென்று மாறினால் அங்கே வண்ணம் தீட்டுகிறது, அவ்வளவுதான். கட்டம்போட்ட சட்டை, மீசை, மூக்குக்கண்ணாடியின் ஃபிரேம் இதெல்லாம் கொஞ்சம் ஃபோகஸ் விலகியிருந்தாலும் சிவப்பாகிவிடும். மெனுவில் பீக்கிங் அளவை 'லோ'வுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது கோடு மெலியும், உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஏறக்குறைய இடத்தைக் கண்டுபிடிக்க மட்டும் பீக்கிங் போதும். முடிவு செய்ய ஃபோகஸ் மேக்னிஃபையர் வேண்டும். ஏ6000-இல் வளையத்தைத் திருப்பியதும் தானாகப் பெரிதாகும் வசதி, மின் இணைப்பு உள்ள லென்ஸுக்குத்தான். ஹீலியோஸுக்கு அது வராது. அதனால் மேக்னிஃபையரை ஒரு கஸ்டம் பட்டனுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏறக்குறைய 6 மடங்கு, 12 மடங்கு என்று பெரிதாகும். ஆளை எடுக்கும்போது 6 போதும். 12-இல் உங்கள் கை நடுக்கம் மட்டும்தான் தெரியும்.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் இருந்த யாஷிகா மேட் ஃபிலிம் கேமராவில் மேல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பூதக்கண்ணாடி எழும்பி நிற்கும். கண்ணாடித் திரையில் தெரிவதை அதன் வழியாகக் குனிந்து பார்த்துத்தான் ஃபோகஸ் செய்வோம். அன்றைக்கும் வெறும் கண்ணை நம்பி யாரும் முடிவு செய்ததில்லை.

ஹீலியோஸில் அபெர்ச்சருக்கு (லென்ஸின் துவாரத்துக்கு) இரண்டு வளையம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலர் ஒன்றை மறந்தேவிடுகிறார்கள். கிளிக் கிளிக்கென்று நிற்கும் வளையத்தில் உங்களுக்கு வேண்டிய எண்ணை, 4 என்று வைத்துக்கொள்வோம், வைத்துவிடுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றும் மற்ற வளையத்தை 2-க்குத் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும்போதுதான் ஷார்ப்பான இடம் தெளிவாகத் தனியே தெரியும். ஃபோகஸ் ஆனதும் கண்ணை எடுக்காமலே அந்த வளையத்தை மூடுங்கள், 4-இல் தானாக முட்டி நிற்கும். எடுங்கள். சோவியத் காரர்கள் இதற்காகவே செய்த ஏற்பாடு. லென்ஸின் அடிப்படை வடிவம் ஜெர்மனியின் ஸைஸ் பயோட்டாரிலிருந்து வந்தது. 58 மி.மீ., எஃப்/2. பின்னணி சுழல்வது போல வரும் என்பதற்காகத்தான் இப்போது இத்தனை மவுசு. ஓரங்கள் மங்கலாக இருப்பதும் அந்த லென்ஸின் குணம்தான், அதை ஃபோகஸ் தவறு என்று எண்ணிக் கவலைப்படாதீர்கள்.

நண்பரின் நிக்கான் கதை வேறு. ஹீலியோஸ் போன்ற எம்42 திருகு லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார்ந்தால்தான் தூரத்தில் இருப்பது ஃபோகஸ் ஆகும். சோனி இ-மவுன்ட்டின் (லென்ஸ் மாட்டும் வாயின்) தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்சம் 27 மி.மீ. சொச்சத்தை அடாப்டர் நிரப்பிவிடுகிறது. நிக்கான் எஃப் மவுன்ட்டின் தூரமே 46.5 மி.மீ. அடாப்டருக்கு முன்பே லென்ஸ் ஒரு மி.மீ. விலகிவிட்டது. அதனால் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் ஃபோகஸ் ஆகும், மலை ஆகாது. நடுவில் கண்ணாடி வைத்த அடாப்டர் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி படத்தைக் கெடுக்கும், காசும் வீண். ஹீலியோஸ் உங்களிடமே இருக்கட்டும்.

இப்போதைய கேமராக்கள் ஓடுகிற ஆளின் கண்ணையே பிடித்துக்கொள்கின்றன. இந்தக் காலத்தில் கையால் ஃபோகஸ் செய்வது வீம்புதானே?
(வங்கி ஓய்வூதியர், சென்னை)

பாதி வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன். 1977-இல் ஆட்டோ ஃபோகஸோடு கோனிகா சி35 ஏஎஃப் வந்தது, 1985-இல் மினோல்டா 7000 வந்தது. அன்றிலிருந்து இயந்திரம் முன்னேறிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்குப் பேரன் ஓடிவருவதை எடுக்க என்னிடம் கொடுத்தால் நானும் ஆட்டோவில்தான் வைப்பேன்.

ஆனால் கேமராவால் எவ்வளவு வேகமாக ஃபோகஸ் செய்ய முடிந்தாலும், எதை என்பது அதற்குத் தெரியாது. மார்கழி சீசனில் ஒரு சபாவுக்குப் போங்கள். பாடகருக்கு முன்னால் மைக், அவர் கை முகத்துக்கு முன்னால் போய் வருகிறது. கேமரா ஒரு முறை மைக்கைப் பிடிக்கும், ஒரு முறை கையைப் பிடிக்கும், ஒரு முறை பின்னால் தம்புராவுக்குப் போய்விடும். பாடகரோ இரண்டு மணி நேரமும் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரப்போவதில்லை. கண்ணில் ஒரு தடவை ஃபோகஸ் செய்து எம்எஃப்-க்கு (மேனுவல் ஃபோகஸுக்கு) மாற்றிவிட்டால் அப்புறம் முகபாவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆட்டோ ஃபோகஸுக்கு உதவ என்று கேமரா முன்பக்கத்தில் ஒரு விளக்கு எரியுமே, அதையும் மெனுவில் அணைத்துவிடுங்கள். பாடகரின் கண்ணில் அதை அடிப்பது அநியாயம்.

வண்டலூரில் பறவைக் கூண்டின் கம்பி வலை, மழைத்துளி படிந்த பஸ் கண்ணாடி, கொடைக்கானல் மூடுபனி, வெறும் வெள்ளைச் சுவர் எல்லாம் இதே வகைதான். முதல் இரண்டில் கேமரா குறுக்கே இருப்பதைப் பிடிக்கும். அடுத்த இரண்டில் பிடிப்பதற்கு விளிம்பே இல்லாமல் முன்னும் பின்னும் அலையும். வலையை லென்ஸோடு ஒட்ட வைத்து, நீளமான லென்ஸில் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பறவையில் கையால் ஃபோகஸ் செய்தால் கம்பி இருந்த சுவடே படத்தில் தெரியாமல் போகும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, பின்பக்கப் பட்டனுக்குக் கொடுத்துவிடுவது. பட்டனை அழுத்தினால் ஆட்டோ, விட்டால் ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பரதநாட்டியம் எடுப்பவர்களுக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

கேனான் 1500டி, 18-55 கிட் லென்ஸ். தீபாவளியன்று வாணத்தை எடுக்க வளையத்தை ஒரு கடைசிக்குத் திருப்பி வைத்தேன். எல்லாம் பஞ்சுப் பந்தாக வந்திருக்கிறது. முடிவிலி என்றால் கடைசி இல்லையா?
(பள்ளி ஆசிரியர், சிவகாசி)

ஊருக்கே வெடி செய்து கொடுக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி! முடிவிலி, அதாவது மிகத் தொலைவில் இருப்பது ஷார்ப்பாகும் இடம், கடைசியில் இல்லை, கடைசிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. பழைய மேனுவல் லென்ஸ்களில் வளையம் முட்டும் இடம்தான் முடிவிலி. ஆட்டோ ஃபோகஸ் லென்ஸ்களில் அப்படி வைக்கமாட்டார்கள். மோட்டார் ஃபோகஸைத் தேடும்போது இலக்கைக் கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும், அதற்கு இடம் வேண்டும். சூட்டிலும் குளிரிலும் லென்ஸின் உள்பாகங்கள் விரிந்து சுருங்குவதற்கும் இடம் வேண்டும். உங்கள் லென்ஸில் தூர எண்கள்கூட அச்சடித்திருக்காது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவதில் பயனில்லை.

வாணம் தொடங்குவதற்கு முன்பே வேலையை முடியுங்கள். டிரைபாட், லைவ் வியூ, தூரத்தில் எரியும் தெருவிளக்கோ கோபுர விளக்கோ ஏதாவது ஒன்று. பூதக்கண்ணாடிப் பட்டனை அழுத்தி 10 மடங்கு பெரிதாக்கி, விளக்கு எங்கே மிகச் சின்னப் புள்ளியாகத் தெரிகிறதோ அங்கே நிறுத்துங்கள். லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சுவிட்ச் எம்எஃப்-இல் இருக்கட்டும். ஒரு துண்டு டேப்பை வளையத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். அதற்கப்புறம் ஜூமைத் தொடாதீர்கள். கிட் லென்ஸில் ஜூம் மாறினால் ஃபோகஸும் மாறும்.

வாணத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதுகூட இல்லை. 18 மி.மீ.யில் எஃப்/8 வைத்து 4 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரின் சட்டையில் ஃபோகஸ் செய்துவிட்டாலே சுமார் 1.3 மீட்டரிலிருந்து வானம் வரைக்கும் பார்க்கிற அளவுக்கு ஷார்ப்பாக இருக்கும். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் இரண்டு முதல் நான்கு விநாடி.

நட்சத்திரம் எடுக்கப் போனால் இந்தச் சலுகை கிடையாது. அங்கே லென்ஸை முழுக்கத் திறந்துதான் எடுப்பீர்கள், ஒரு மயிரிழை விலகினாலும் புள்ளி வட்டமாகிவிடும். வியாழனையோ சிரியஸையோ திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள்.

ஃபோகஸ் சுவிட்ச் ஏஎஃப்-இல் இருக்கும்போதே வளையத்தைத் திருப்பிவிட்டேன். கரகரவென்று சத்தம் வந்தது. போச்சா?
(வாசகர், நாமக்கல்)

ஒரு தடவையில் போகாது. விலை குறைந்த பழைய மோட்டார் லென்ஸ்களில் (மேலே சொன்ன சிவகாசி ஆசிரியரின் லென்ஸ் மாதிரி பலவும் சேர்த்தி) வளையமும் மோட்டாரும் பல்சக்கரத்தால் கோத்திருக்கும். அழுத்தித் திருப்பினால் பல் தேயும். சுவிட்சை மாற்றிவிட்டுத் திருப்புங்கள். கேனானின் ரிங் யுஎஸ்எம், நிக்கானில் எம்/ஏ என்று போட்ட ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் இவற்றில் ஆட்டோவில் இருக்கும்போதே தாராளமாகத் திருப்பலாம். கேனான் எஸ்டிஎம் லென்ஸில் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஷட்டரைப் பாதி அழுத்திக்கொண்டு திருப்புங்கள். அதன் வளையம் மின்சாரத்தில்தான் வேலை செய்யும், கேமரா விழித்திருக்க வேண்டும்.

கண்புரை அறுவை ஆன பிறகு வியூஃபைண்டரில் எல்லாமே மங்கலாக இருக்கிறது. கையால் ஃபோகஸ் செய்வதை விட்டுவிட வேண்டியதுதானா?
(வாசகர், 67 வயது, நாகர்கோவில்)

விட வேண்டாம். வியூஃபைண்டரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், கூட்டல் கழித்தல் குறி போட்டது. சிலவற்றில் ரப்பர் வளையத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். கேமரா வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். கண்ணின் பவர் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். அறுவைக்குப் பிறகு உங்களுக்கு மாறியிருக்கிறது.

திருப்பும்போது வெளியே தெரியும் காட்சியைப் பார்க்காதீர்கள். உள்ளே கீழே ஓடும் ஷட்டர் எண்களையும் ஃபோகஸ் புள்ளிக் கட்டங்களையும் பாருங்கள். அவை மை வைத்து எழுதினதுபோல் தெளிவாகும் இடம்தான் உங்கள் இடம். பல நிலைக் கண்ணாடி அணிந்திருந்தால், கேமராவில் எந்தப் பாகத்தின் வழியாகப் பார்ப்பீர்களோ அதன் வழியாகவே பார்த்துச் சரிசெய்யுங்கள். இந்தத் திருகு படத்தின் ஃபோகஸை மாற்றாது, நீங்கள் பார்ப்பதை மட்டும்தான் மாற்றும். பேரப்பிள்ளைகள் அதை நோண்டினால் மறுபடியும் மங்கும். டேப் ஒட்டுங்கள். என் பையில் எப்போதும் டேப் இருக்கும், பாதிப் பிரச்சினைக்கு அதுதான் மருந்து.

மொட்டை மாடித் தோட்டத்தில் பூச்சிகளை எடுக்கிறேன். டாம்ரான் 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ், நிக்கான் கேமரா. ஆட்டோவில் முன்னும் பின்னும் அலைகிறது. கையால் திருப்பினால் சரியான இடம் வருவதற்குள் பூச்சி போய்விடுகிறது.
(இல்லத்தரசி, கோவை)

நீங்கள் தவறான வளையத்தைத் திருப்புகிறீர்கள் என்பேன். மேக்ரோவில் ஃபோகஸ் வளையம் ஃபோகஸ் செய்வதற்கு இல்லை, பூச்சி எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு. அதை முதலில் வைத்துவிடுங்கள். பிறகு தொடாதீர்கள். கேமராவோடு நீங்கள்தான் முன்னும் பின்னும் போக வேண்டும். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக முன்னால் சாய்ந்தால் ஷார்ப்பான பட்டை பூச்சியின் மேல் ஊர்ந்து போவது தெரியும். அது கண்ணைத் தொடும் நேரத்தில் ஷட்டர். தொடர் படம் போட்டு நான்கைந்தாக எடுத்தால் ஒன்று நிச்சயம் தேறும்.

பட்டை எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொண்டால் உங்களையே நொந்துகொள்ளமாட்டீர்கள். சென்சாரில் பூச்சி அதன் உண்மை அளவிலேயே விழுகிற மாதிரி, அதாவது ஒன்றுக்கு ஒன்று வைத்தால், ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் கேமராவில் எஃப்/8-இல் ஷார்ப்பாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 0.6 மில்லிமீட்டர். எஃப்/11-க்குப் போனால் 0.9. இன்னும் மூடலாமே என்று கேட்பீர்கள். அந்த நெருக்கத்தில் எஃப்/8 என்பதே வெளிச்சக் கணக்கில் எஃப்/16 போலத்தான் வேலை செய்கிறது. அதற்கு மேல் மூடினால் ஆழம் கூடும், ஆனால் மொத்தப் படமும் மழுங்கும்.

அதனால் ஆழத்தைத் தேடுவதைவிடக் கோணத்தைத் தேடுங்கள். இறக்கை மூடி உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியை நேர் பக்கவாட்டில், கேமராவின் முதுகு இறக்கைக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால் அந்த 0.6 மில்லிமீட்டருக்குள்ளேயே முழு இறக்கையும் அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதி போய்விடும். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸ் பூச்சிக்கு மிகப் பக்கத்தில் போய்விடுவதால் உங்கள் நிழலே அதன் மேல் விழும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குக் கறிவேப்பிலைச் செடியில் தேடுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அது எங்கும் பறந்துபோகாது, தின்றுகொண்டே இருக்கும். காற்று எழுவதற்கு முன், காலையில் போங்கள்.

அலங்காநல்லூரில் காளை வாடிவாசலைத் தாண்டும் நொடியை எடுக்க வேண்டும். என்னுடையது பழைய கேமரா. ஃபோகஸ் எப்போதும் குறுக்கே ஓடும் ஆள்மேல் போய்விடுகிறது.
(வாசகர், மதுரை)

காளை எங்கே வரும் என்று ஊருக்கே தெரியும். பிறகு ஏன் கேமராவைத் தேடச் சொல்கிறீர்கள்? கேலரியில் இடம் கிடைத்ததும், வாடிவாசலுக்குச் சற்று முன்னால் தரையில் கொட்டியிருக்கும் தேங்காய் நாரில் ஃபோகஸ் செய்யுங்கள். நார் பொடிப்பொடியாக இருப்பதால் ஆட்டோ ஃபோகஸே அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் எம்எஃப்-க்கு மாற்றிவிடுங்கள். இனி குறுக்கே யார் ஓடினாலும் கவலையில்லை.

30 மீட்டர் தூரத்தில், 200 மி.மீ. லென்ஸில், எஃப்/5.6 வைத்தால் ஏபிஎஸ்-சி சென்சாரில் சுமார் 27.7 மீட்டரிலிருந்து 32.7 மீட்டர் வரை ஷார்ப்பாக இருக்கும். காளைக்கு ஐந்து மீட்டர் களம் தருகிறீர்கள். ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல் இருக்கட்டும். திமில் அந்த ஐந்து மீட்டருக்குள் நுழையும்போது அழுத்தத் தொடங்குங்கள், நுழைந்த பிறகு அழுத்தினால் தாமதம்.

நாங்கள் கல்யாண வீட்டில் செய்ததும் இதேதான். முகூர்த்தத்தில் எல்லாரும் எழுந்து அட்சதை போடும்போது யாஷிகாவில் குனிந்து ஃபோகஸ் பார்க்க நேரம் ஏது? எட்டடி, எஃப்/11 என்று முன்பே வைத்துவிடுவோம். முன்பின் சேர்த்து மூன்றடி கிடைக்கும். மணவறையிலிருந்து எட்டடி தள்ளி நிற்க இடம் பிடிப்பதுதான் உண்மையான வேலை. நாதஸ்வரக்காரரோடு முதல் நாளே சிநேகமாகிக்கொள்வோம்.

உங்கள் பட்ஜெட் இடம் கொடுத்து, விலங்குகளைப் பின்தொடரும் புதிய கேமரா வாங்கினால் இதெல்லாம் வேண்டாம்.

குறும்படம் எடுக்கிறோம். நடிகர் நடந்து வரும்போது ஃபோகஸைக் கையால் மாற்றினால் ஒவ்வொரு டேக்கிலும் வேறு இடத்தில் நிற்கிறது.
(விஸ்காம் மாணவர்கள், சென்னை)

உங்கள் லென்ஸ் மின்சார வளையம் கொண்டதாக இருக்கும். அதில் எவ்வளவு திருப்புகிறீர்கள் என்பது மட்டுமில்லை, எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள் என்பதும் கணக்கு. அதே கால்வட்டம் திருப்பினாலும் வேகம் மாறினால் இடம் மாறும். பானாசோனிக் லூமிக்ஸ் போன்ற சில கேமராக்களில் இதை நேர்க்கோடாக (வேகம் எதுவானாலும் திருப்பிய அளவு மட்டும் கணக்கு) மாற்றும் மெனு உண்டு, பாருங்கள். இல்லையென்றால் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டரோடு போடுங்கள். நடிகர் நிற்க வேண்டிய இரண்டு இடத்திலும் தரையில் டேப், அந்த இரண்டு இடத்துக்கும் வளையத்தில் டேப். ஃபோகஸ் பிடிப்பவர் திரையைப் பார்க்கக் கூடாது, நடிகரின் காலைப் பார்க்க வேண்டும். சினிமா யூனிட்டிலும் இப்படித்தான் செய்வார்கள்.

பழைய மேனுவல் லென்ஸ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
(வாசகி, புதுச்சேரி)

கடற்கரை ஊர் என்பதால் முதலில் பூஞ்சை. லென்ஸின் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச் அடித்து, முன்னால் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு தூசு இருந்தால் பரவாயில்லை, படத்தில் வராது. அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் பளபளப்பு இருக்கக் கூடாது. நிக்கான் பாடிகள் சிலவற்றில் 1977-க்கு முந்தைய, ஏஐ (லென்ஸின் அபெர்ச்சர் வளையத்தைக் கேமராவோடு கோக்கும் நிக்கான் ஏற்பாடு) இல்லாத லென்ஸை மாட்டினால் மவுன்ட் அடிபடும். எந்தக் காலத்து லென்ஸ் என்று கேட்டுக்கொண்டு மாட்டுங்கள்.

கடைசியாக, வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக, கொஞ்சம் கனமாகப் போக வேண்டும். நடுவில் எங்காவது இறுகினாலோ, கொழகொழவென்று தளர்ந்தாலோ, உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று பொருள். சர்வீஸ் செய்யலாம், ஆனால் அந்தக் காசையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வாங்கின பிறகு சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். தோல் உறைக்குள் வைத்து பீரோவில் பூட்டாதீர்கள். புதுச்சேரி ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும்.